என்கிளெக்ஸ் தேர்வை மறுபடி எழுதப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் பதிவு பெற்ற செவிலியராக வேலை பார்க்க எழுதவேண்டிய உரிமத் தேர்வு என்கிளெக்ஸ்-ஆர்என். 2015 முதல் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் இதையே வைத்திருக்கின்றன. சென்னையிலேயே தேர்வு மையம் இருப்பதால் நம் ஊர்ச் செவிலியர்கள் பலர் வேலை பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறார்கள். நான் முதல் முறை தவறி, இரண்டாம் முறை தேறியவள். அதன்பின் உடன் வேலை பார்த்த தோழிகளும் பின்னால் வந்த தம்பி தங்கைகளும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

தவறிவிட்டேன். எத்தனை நாளில் மறுபடி எழுதலாம்?

குறைந்தது 45 நாள் கழிய வேண்டும். தேர்வை உருவாக்கும் அமைப்பான அமெரிக்க மாநில நர்சிங் வாரியங்களின் தேசிய கவுன்சில், ஆண்டுக்கு எட்டு முறை வரை எழுத விடுகிறது. ஆனால் நீங்கள் விண்ணப்பித்த மாநிலத்து வாரியத்தின் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம். நியூயார்க் எத்தனை முறை என்று கணக்குப் பார்ப்பதில்லை. புளோரிடாவில் மூன்று முறை தவறினால் மறுபயிற்சி வகுப்பு முடித்த பிறகுதான் நான்காவது முறை. டெக்சாஸ், படிப்பு முடித்த நான்கு ஆண்டுக்குள் தேறச் சொல்கிறது. தேதி பார்ப்பதற்கு முன் உங்கள் வாரியத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

45ஆம் நாளே எழுதிவிடலாமா? சூடு ஆறுவதற்குள் எழுதினால் நல்லது என்கிறார்களே?

அந்தச் சூடு பெரும்பாலும் அவமானத்தின் சூடு. அதை வைத்துப் படிக்க முடியாது. முழுநேர வேலையில் இருப்பவர் என்றால் பத்து முதல் பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. அதற்காக ஆறு மாதம், எட்டு மாதம் என்று தள்ளிக்கொண்டே போகவும் வேண்டாம். படித்தது மறந்துபோகும், பயம் மட்டும் வளர்ந்திருக்கும்.

மறுபடி எவ்வளவு செலவாகும்?

முதல் முறை கட்டியதையே திரும்பக் கட்ட வேண்டும், சலுகை ஏதும் இல்லை. தேர்வுப் பதிவுக்கு 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே மையம் எடுத்தால் கூடுதலாக 150 டாலர், அதற்கு மேல் வரி. நம் பணத்தில் முப்பதாயிரத்தைத் தொட்டுவிடும். சில வாரியங்கள் மறுதேர்வு விண்ணப்பத்துக்கெனத் தனிக் கட்டணமும் வாங்குகின்றன.

பதிவில் எங்கே தடுக்கி விழுகிறோம்?

பெயரில். நம் ஆட்களுக்கு இது தனிச் சோதனை. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். நர்சிங் கவுன்சில் பதிவில் அதே இனிஷியல் பின்னால் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், அல்லது அந்த இடமே காலியாக இருக்கும். திருமணமாகியிருந்தால் கணவர் பெயரும் வந்து சேரும். தேர்வு மையத்தில் காட்டவேண்டியது பாஸ்போர்ட். அதில் உள்ள பெயரும் ஏடிடி எனப்படும் தேர்வு அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போய்விடும். தேர்வை நடத்தும் நிறுவனமான பியர்சன் வியூவின் தளத்தில் பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தட்டுங்கள். முதல் முறை சரியாகத்தானே இருந்தது என்று நினைக்க வேண்டாம். இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் எத்தனை பேர்!

ஏடிடி வந்ததும் அதில் உள்ள கடைசித் தேதியைப் பாருங்கள். அதற்குள் எழுதியாக வேண்டும், நீட்டித்துத் தரமாட்டார்கள். தேதியை மாற்ற வேண்டுமென்றால் தேர்வு நேரத்துக்கு 24 மணி நேரமாவது முன்பாக மாற்றிவிட வேண்டும்.

தவறியவர்களுக்கு அனுப்பும் அறிக்கையால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. கிழித்துப் போடாதீர்கள். நான் கோபத்தில் இரண்டு வாரம் அதைத் திறக்கவே இல்லை.

அதில் மதிப்பெண் இருக்காது. ஒவ்வொரு பாடப்பிரிவிலும் நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா, அருகிலா, கீழா என்று மட்டும் சொல்லும். எத்தனை கேள்விக்கு விடையளித்தீர்கள் என்பதும் இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சமான 85 கேள்வியிலேயே நின்று, பல பிரிவுகளில் ‘கீழே’ என்று வந்திருந்தால் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். அதிகபட்சமான 150 வரை போய், பெரும்பாலும் ‘அருகில்’ என்றிருந்தால் உங்களிடம் பாட அறிவு இருக்கிறது, முடிவெடுக்கும் முறையில்தான் சிக்கல். அப்படி வந்தவருக்கு மறுபடி புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பது வீண் வேலை.

எந்தப் பிரிவில் ‘கீழே’ என்பதையும் அந்தப் பிரிவின் எடையோடு வைத்துப் பாருங்கள். 2023 பாடத்திட்டத்தில் பராமரிப்பு நிர்வாகம் 15 முதல் 21 விழுக்காடு வரை வருகிறது. மருந்தியலும் ஊசிவழிச் சிகிச்சையும் 13 முதல் 19. உடல்நலம் பேணல், உளநலம், அடிப்படைப் பராமரிப்பு ஆகிய மூன்றும் தலா 6 முதல் 12தான். நம்மில் பலர் மருந்துப் பட்டியலை உருப்போடுவோம், நிர்வாகப் பகுதியை ‘பொது அறிவுதானே’ என்று விட்டுவிடுவோம். எடை அதிகமுள்ளது அதுதான்.

இத்தனை ஆண்டு வார்டில் வேலை பார்த்தவள் நான். எனக்கு ஏன் வரவில்லை?

எல்லாரும் கேட்பது இதைத்தான், எனக்கு அதிகம் பேசத் தோன்றுவதும் இதைப் பற்றித்தான். நீங்கள் உங்கள் வார்டில் நின்றுகொண்டு விடை சொல்கிறீர்கள். கேள்வியோ வேறொரு மருத்துவமனையில் நடக்கிறது. அங்கே ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், கருவிகள் எல்லாம் வேலை செய்கின்றன, உங்கள் கையில் ஒரு சில நோயாளிகள்தான். தேர்வு எதிர்பார்ப்பது அந்தச் செவிலியரை.

ஒரு மாதிரிக் கேள்வி. நான்கு நோயாளிகள், யாரை முதலில் பார்ப்பீர்கள்? ஒருவருக்கு இடுப்பு மூட்டு மாற்றி இரண்டு நாள் ஆகிறது, திடீரென மூச்சு வாங்குகிறது, நிலைகொள்ளாமல் தவிக்கிறார். இன்னொருவருக்குச் சர்க்கரை 240. மூன்றாமவர் குடல்வால் அறுவை முடிந்தவர், வலி பத்துக்கு ஏழு என்கிறார். நான்காமவர் டிஸ்சார்ஜ் தாமதமாகிறதென்று சத்தம் போடுகிறார். நம் வார்டில் என்ன நடக்கும்? யாருடைய உறவினர் அதிகம் கத்துகிறாரோ அவரிடம்தான் முதலில் ஓடுவோம். இங்கே விடை முதலாமவர். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். வலி இருப்பவர் வலியோடு காத்திருக்க முடியும், மூச்சு திணறுபவரால் முடியாது.

அடுத்தது ஒப்புதல். நம் ஊரில் பெரியவருக்குப் புற்றுநோய் என்றால் மூத்த மகனை வெளியே அழைத்துச் சொல்வார்கள், ‘அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர்’ என்று அவரும் கைகூப்புவார். என்கிளெக்ஸ் உலகில் அறிய வேண்டியவர் நோயாளி, முடிவெடுப்பவரும் அவரே. நினைவு தெளிவாக இருக்கும் நோயாளி சிகிச்சை வேண்டாம் என்றால் மனைவியும் மகனும் அழுதாலும் அது மாறாது. குடும்பத்தை மதித்துப் பழகிய நமக்கு இது உள்ளூர உறுத்தும். உறுத்தட்டும். கையெழுத்து வாங்கும் இடத்தில் செவிலியரின் வேலை சாட்சியாக நிற்பது. அறுவையின் ஆபத்துகளை விளக்குவது மருத்துவரின் பொறுப்பு. நோயாளிக்குப் புரியவில்லை என்று தெரிந்தால் மருத்துவரைத் திரும்ப அழைக்க வேண்டும்.

மூன்றாவது, மருத்துவரிடம் ஓடும் பழக்கம். ‘மருத்துவருக்குத் தெரிவி’ என்ற விடையைக் கண்டதும் கை தானாகப் போகிறது. சில இடங்களில் அது சரி. ஆனால் பெரும்பாலும் அதற்கு முன் நீங்களே செய்யக்கூடிய ஒன்று இருக்கும்: தலைமாட்டை உயர்த்துவது, ஏற்றிக்கொண்டிருக்கும் ரத்தத்தை நிறுத்துவது, ஆக்சிஜன் வைப்பது, நாடித்துடிப்பைப் பார்ப்பது. ஒரு சொட்டு ஏற்றியதும் ரத்தம் ஒவ்வாமல் நடுங்கும் நோயாளியை விட்டுவிட்டுப் போன் எடுக்கப் போனால் அந்தக் கேள்வி போயிற்று. அதே நேரம், மருந்துச் சீட்டு தவறு என்று தெரிந்தால் மருத்துவரைக் கேள்வி கேட்கவும் வேண்டும். சீனியர் மருத்துவரிடம் ‘இந்த அளவு சரியா’ என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது கடினம்தான்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கேள்விகளில் எப்போதும் தவறுகிறேன்.

நம்மிடம் அந்த அடுக்கே இல்லாததுதான் காரணம். அமெரிக்காவில் பதிவு பெற்ற செவிலியர், அவருக்குக் கீழே நடைமுறைச் செவிலியர், அதற்கும் கீழே உதவியாளர் என மூன்று படிகள். நம் மருத்துவமனையில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் கூட இருக்கும் உறவினர். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: முதல் மதிப்பீடு, கற்பித்தல், விளைவை எடைபோடுதல் ஆகியவற்றைக் கீழே தள்ளக்கூடாது. நிலை சீராக உள்ள நோயாளிக்கு வாய்வழி மருந்து கொடுப்பது, கட்டு மாற்றுவது போன்றவை நடைமுறைச் செவிலியருக்கு. குளிப்பாட்டல், நடக்க வைத்தல், சிறுநீர் அளவு குறித்தல், சீரான நோயாளிக்கு நாடி, காய்ச்சல் பார்த்தல் உதவியாளருக்கு. புதிதாக அட்மிட் ஆனவரும், நிலை மாறிக்கொண்டிருப்பவரும் உங்களுடையவர்.

85லேயே கணினி நின்றுவிட்டது. பாஸா, பெயிலா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. நீங்கள் சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாகும், தவறாகச் சொன்னால் எளிதாகும். நீங்கள் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 விழுக்காடு உறுதியானதும் கணினி நிறுத்திவிடும். முதல் 85இல் 15 கேள்விகள் சோதனைக்காக வைத்தவை, மதிப்பெண்ணில் சேராது. எவை அந்தப் பதினைந்து என்று யாருக்கும் தெரியாது, கண்டுபிடிக்க முயல்வதும் வேண்டாத வேலை.

‘கேள்வி எளிதாகிவிட்டது, தோற்றுவிட்டேன்’ என்று பாதியில் கைவிடுகிறவர்கள் உண்டு. உங்களுக்குத் தெரிந்த பாடமாக இருந்தால் கடினமான கேள்வியும் எளிதாகத்தானே தோன்றும்?

2023இல் வந்த புதிய வடிவத்துக்குத் தனியாகப் படிக்க வேண்டுமா?

தனிப் புத்தகம் தேவையில்லை, தனிப் பழக்கம் தேவை. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் உள்ள மூன்று நோயாளிக் கதைகள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள். அந்த ஆறும் ஒரே வரிசையில் நடக்கும்: அறிகுறியைக் கவனி, அவற்றைக் கோத்துப் பார், எது முதன்மையான சிக்கல் என்று முடிவு செய், என்ன செய்யலாம் என்று யோசி, செய், பலன் கிடைத்ததா என்று பார்.

கர்ப்பகால ரத்தக்கொதிப்பால் வலிப்பு வராமல் இருக்க ஒரு தாய்க்கு மக்னீசியம் சல்பேட் ஓடுகிறது. மூச்சு நிமிடத்துக்கு 10. முழங்கால் தட்டினால் அசைவில்லை. சிறுநீர் மணிக்கு 20 மில்லி. ரத்த அழுத்தமும் உயர்ந்துதான் இருக்கிறது, தலைவலியும் இருக்கிறது. பழைய முறையில் படித்தவர் ரத்த அழுத்தத்தில் கண்ணை வைப்பார். முதல் மூன்று செய்திகளும் சேர்ந்து மக்னீசியம் அளவு மீறிவிட்டது என்று சொல்கின்றன. முதலில் மருந்தை நிறுத்த வேண்டும், பிறகு மாற்றுமருந்தான கால்சியம் குளுக்கோனேட்டுக்குத் தயாராக வேண்டும். மூச்சு ஏறியதா, கால் அசைந்ததா என்று பார்ப்பது ஆறாவது படி. இதில் நீங்கள் அறியாத செய்தி ஒன்றுமில்லை. பிரசவ வார்டில் இருந்த எவரும் இதைச் செய்திருப்பார். பிரித்துப் பிரித்துக் கேட்கும்போதுதான் தடுமாறுகிறோம்.

ஒவ்வொரு டியூட்டியிலும் ஒரே ஒரு நோயாளியை எடுத்து இந்த ஆறு படியில் மனத்துக்குள் நடத்திப் பாருங்கள். எனக்கு எந்த வகுப்பையும்விட இது உதவியது.

‘பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடு’ கேள்வியைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது.

இப்போது முன்புபோல் ‘எல்லாம் அல்லது ஒன்றுமில்லை’ கிடையாது. சரியான ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு, தவறாகத் தொட்ட ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும். பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே ‘இருக்கட்டும்’ என்று கூடுதலாக ஒன்றைத் தொடுவது நட்டம். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ‘ஆம், இல்லை’ என்று கேட்டு முடிவு செய்யுங்கள். சில வகைக் கேள்விகளில், உதாரணமாக ‘இரண்டைத் தேர்ந்தெடு’ என்று எண்ணிக்கை சொல்லிக் கேட்பவற்றில், கழித்தல் இல்லை. அங்கே காலியாக விடுவதில் பொருளில்லை.

மருந்துப் பெயர்கள் வேறாக இருக்கின்றனவே?

ஆமாம், இது நமக்குக் கூடுதல் சுமை. பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். அட்ரினலின் எபிநெஃப்ரின், நார்அட்ரினலின் நார்எபிநெஃப்ரின். சால்புட்டமால் ஆல்புட்டெரால். பெத்திடின் மெப்பெரிடின். லிக்னோகைன் லிடோகைன். வார்டில் நாம் சொல்லும் கம்பெனிப் பெயர்கள் எதுவும் வராது. மருந்து டிராலியைத் திறக்கும்போதெல்லாம் அமெரிக்கப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். ஒரே மாதத்தில் படிந்துவிடும்.

ஒரு நாளைக்கு எத்தனை கேள்வி போட வேண்டும்?

முதல் முறை நான் நாளுக்கு 150 போட்டேன். தவறினேன். இரண்டாம் முறை 40, விடுமுறை நாளில் 75. வித்தியாசம் விளக்கத்தைப் படித்ததில் இருந்தது. நாற்பது கேள்விக்கு ஒரு மணி நேரம் என்றால் அவற்றைத் திரும்பப் பார்க்க இரண்டு மணி நேரம். சரியாகப் போட்டவற்றையும் பார்க்க வேண்டும். குருட்டாம்போக்கில் சரியானதும் அவற்றில் இருக்கும்.

பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தவறிய கேள்வியை அதில் எழுத வேண்டாம், ஏன் தவறினேன் என்று ஒரு வரி மட்டும். பாடம் தெரியவில்லையா, கேள்வியில் ‘முதலில்’ என்ற சொல்லைக் கவனிக்கவில்லையா, இரண்டு விடை வரை குறைத்துவிட்டுக் கடைசியில் மாற்றிப் போட்டேனா, என் வார்டு வழக்கத்தை எழுதினேனா. மூன்று வாரம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் உங்கள் நோய் உங்களுக்கே தெரிந்துவிடும். என்னுடையது ‘மாற்றிப் போட்டது’. பக்கத்துக்கு நான்கைந்து.

ஏற்கெனவே போட்ட கேள்வித் தொகுப்பையே மறுபடி போட்டு 80 விழுக்காடு வந்தது என்று மகிழ வேண்டாம். அது நினைவாற்றல். இரண்டாம் முறைக்குப் புதிய தொகுப்பு வாங்குவது நல்லது.

கோச்சிங் சென்டரில் மறுபடி சேரவா?

அறிக்கையில் பாதிக்கு மேல் ‘கீழே’ என்றால் சேரலாம். இல்லையென்றால் அந்தப் பணத்தைக் கேள்வித் தொகுப்பில் போடுங்கள். ‘தேர்வில் வந்த கேள்விகள்’ என்று விற்கிறவர்களிடம் போகவே வேண்டாம். தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் இரகசிய விதியை மீறுவது அது, கண்டுபிடித்தால் முடிவையே ரத்து செய்வார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை, 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் பட்டயங்கள் விற்கப்பட்டதை அம்பலப்படுத்தியது. அதன்பின் வாரியங்கள் எதையும் இருமுறை பார்க்கின்றன.

நைட் டியூட்டி முடித்து வந்து எப்படிப் படிப்பது?

படிக்காதீர்கள், தூங்குங்கள். எழுந்து குளித்துவிட்டு உட்காருங்கள். தேர்வுக்கு முந்தைய பத்து நாளாவது பகல் டியூட்டி கேட்டு வாங்கிவிடுங்கள். பகலில் ஐந்து மணி நேரம் விழித்து யோசிக்க உடம்பு பழக வேண்டும். அந்தப் பத்து நாளில் இரண்டு முறையாவது இடைவெளியே இல்லாமல் 85 கேள்வியும், ஒரு முறை 150ம் போட்டுப் பாருங்கள்.

தேர்வு மையத்தில் என்ன நடக்கும்?

அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். உள்ளங்கை நரம்பை ஸ்கேன் செய்வார்கள், படம் எடுப்பார்கள். போன், வாட்ச் எல்லாம் வெளியே. எழுதி அழிக்கும் பலகை தருவார்கள். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக முடியாது, போட்டதற்குத் திரும்பவும் முடியாது. இடைவேளை எடுக்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. முதல் முறை நான் எழவே இல்லை. இரண்டாம் முறை இரண்டு மணி நேரத்தில் எழுந்து முகம் கழுவி, கொண்டுபோயிருந்த கடலை மிட்டாயைத் தின்றுவிட்டு வந்தேன்.

நேரம் முடிந்துவிட்டால்?

85ஐ எட்டாமல் நேரம் போனால் தோல்விதான். எட்டியிருந்தால் அதுவரை சொன்ன விடைகளை வைத்து முடிவு செய்வார்கள். ஆகவே கடைசி நிமிடங்களில் கண்ணை மூடிக்கொண்டு தட்டாதீர்கள். அப்படித் தட்டும் தவறான விடைகள் உங்களைக் கீழே இழுக்கும்.

மறுபடி பதிவு செய்து பார்த்தால் பாஸா என்று தெரியுமாமே?

பணம் பிடிக்காமல் ஒரு செய்தி வந்தால் பாஸ் என்று ஒரு வித்தை உலவுகிறது. அதிகாரபூர்வமானது இல்லை, அட்டையில் பணம் போனவர்களும் உண்டு. உங்கள் வாரியம் விரைவு முடிவு வசதியில் சேர்ந்திருந்தால் இரண்டு வேலை நாள் கழித்து 7.95 டாலர் கட்டிப் பார்க்கலாம். இல்லையென்றால் வாரியத்தின் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

வேலைக்கு ஏற்பாடு செய்யும் ஏஜென்சியிடம் தோற்றதைச் சொல்ல வேண்டுமா?

ஒப்பந்தத்தைப் படியுங்கள். எத்தனை முறைக்கான கட்டணத்தை அவர்கள் ஏற்கிறார்கள், தோற்றால் நீங்கள் எதைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். மறைப்பதால் பயனில்லை.

தேறிவிட்டால் உடனே கிளம்பலாமா?

முடியாது. உரிமம், அதன்பின் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணோடு, வெளிநாட்டில் படித்தவர்களின் தகுதியைச் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்று, அதன்பின் குடியேற்ற விசா என்று வரிசை இருக்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த விசா வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. தேறிய மகிழ்ச்சியில் இருக்கிற வேலையை ராஜினாமா செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். விசா கையில் வரும்வரை டியூட்டிக்குப் போய்க்கொண்டிருங்கள்.